காருக்கு நீட்டித்த வாரண்டி: வாங்குவதா, விடுவதா?

புதுக் கார் வாங்குகிறவரிடம் ஷோரூமில் நீட்டப்படும் விலைப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்துப் பார்க்கிறவர்கள் அபூர்வம். எக்ஸ் ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், விலை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பிடித்துக்கொள்ளும் 1 சதவீத வருமான வரி, சீட் உறை, தரை மிதியடி என்று இறங்கி வருகிற அந்தப் பட்டியலின் அடிப்பாகத்தில், சாலை வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் உள்ள அதே சட்டபூர்வமான தோரணையோடு, ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். மற்றவற்றுள் சில அரசாங்கம் விதித்தவை. சில இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. இந்த ஒரு வரியோ முற்றிலும் வாங்குகிறவருடைய இஷ்டத்தைப் பொறுத்தது. ஆனால் வீட்டார் வண்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, நல்ல நேரம் கழிவதற்குள் சாவியை வாங்கிவிட வேண்டுமே என்று மனம் பதைத்துக்கொண்டிருக்க, “இப்பவே போட்டுக்கிட்டா ரேட் கம்மி சார், அப்புறம் ஏறிடும்” என்று விற்பனைப் பிரதிநிதி விநயமாகச் சொல்லும்போது, இத்தனை லட்சம் கொடுத்த பிறகு இன்னொரு இருபதாயிரம் என்ன பிரமாதம் என்று தோன்றுவது மனித சுபாவமே. அந்தச் சுபாவத்தை நன்கு அறிந்தவர்கள்தாம் அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். கார் கம்பெனி தன் வண்டியுடன் விலையில்லாமல் ஒரு வாரண்டி தருகிறது. அதன் காலம் முடிந்த பிறகும் ஒன்று, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு, உற்பத்திக் குறையாலோ உள்ளுறுப்பு செயலிழந்ததாலோ ஏற்படும் பழுதைச் செலவில்லாமல் சரிசெய்து தருவதாக, முன்பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தமே நீட்டித்த வாரண்டி. மாருதி சுசூகி 2024 ஜூலை வரையில் 2 ஆண்டுகள் அல்லது 40,000 கிலோமீட்டர் என்றே அடிப்படை வாரண்டி கொடுத்து வந்தது. அந்த மாதம் முதல் அது 3 ஆண்டுகள் அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்ந்தது. பணம் கட்டினால் 6 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை நீட்டிக்கொள்ளலாம். ஹூண்டாய் தன் சொந்த உபயோகக் கார்களுக்குக் கிலோமீட்டர் வரம்பில்லாமல் 3 ஆண்டுகள் தருகிறது. மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு மட்டும் தனியாக 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற வாரண்டி பெரும்பாலும் விலையிலேயே அடங்கியிருக்கிறது. எனவே மின்சாரக் காருக்கு நீட்டித்த வாரண்டி விற்கிறவர் பேட்டரியைக் காட்டிப் பயமுறுத்தினால் அதற்கு நாம் செவிசாய்க்க வேண்டியதில்லை.

இந்த நாட்டில் வெகுகாலம் இப்படி ஒரு சரக்குக்குத் தேவையே இருக்கவில்லை. உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரையில் தயாரான அம்பாசடரை எடுத்துக்கொண்டால், அது வழியில் நின்றுபோகாத மாதம் கிடையாது என்றாலும், நின்ற இடத்துக்கு அரை மைல் சுற்றளவில் யாராவது ஒரு மெக்கானிக் ஸ்பேனருடன் கிடைப்பார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவார். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பார். கேட்கும் கூலியும் நம் சட்டைப் பையில் உள்ள பணத்துக்கு அடங்கியதாகவே இருக்கும். இன்றைய கார் அடிக்கடி நிற்பதில்லை. நின்றாலோ, தெரு மெக்கானிக்கின் கைக்கும் நம்முடைய பைக்கும் எட்டாத காரியமாகிவிடுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தபின், டீசல் வண்டியின் புகைப் போக்கியில் கரித்துகள் வடிகட்டியும், எந்த வண்டியிலும் கண்ணுக்குப் புலப்படாத பல சென்சார்களும், அவற்றின் சேதியைக் கேட்டு இன்ஜினை ஆளும் இ.சி.யூ. என்ற மின்னணுப் பெட்டியும் அத்தியாவசியமாகிவிட்டன. டர்போ சார்ஜர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், திரைப் பலகை என்று சௌகரியங்கள் பெருகப் பெருக, பழுதுகளின் எண்ணிக்கை குறைந்து ஒவ்வொரு பழுதின் விலையும் ஏறியது. நீட்டித்த வாரண்டி பிறந்தது அந்த ஏற்றத்தில்தான்.

ஆகவே, இந்த ஒப்பந்தத்தை வாங்குகிறவர் மனத்தில் முதலில் எழ வேண்டிய கேள்வி, கார் பழுதாகுமா என்பதன்று. எந்தப் பழுதை அவர்கள் பழுது என்று ஒப்புக்கொள்வார்கள் என்பதே. தேய்ந்துபோகும் என்று முன்கூட்டியே தெரிந்த எந்தப் பாகமும் இதில் அடங்காது. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், பல்பு, பெல்ட், ஃபில்டர் ஆகியவை வெளியே. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்தவர்களின் தனி வாரண்டி. எலி கடித்த வயர் வெளியே. (மழைக்காலத்தில் மூன்று நாள் எடுக்காமல் நிறுத்திய வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு, நம் தெருக்களில் எலி எத்தனை கார்களுக்கு எமனாகிறது என்பது தெரியும், வாரண்டி எழுதினவர்களுக்கும் தெரிந்திருப்பதால்தான் அந்த ஷரத்து மறவாமல் சேர்க்கப்பட்டிருக்கிறது.) வாடகைக்கு ஓட்டினது, வெளியில் பொருத்திய கேஸ் கிட், மாற்றிப் போட்ட ஹெட்லைட் ஒயரிங், கலப்பட எரிபொருள், எல்லாம் வெளியே. குறிப்பிட்ட கிலோமீட்டரில் செய்ய வேண்டிய சர்வீஸை ஒரு முறை தவறவிட்டதைக் காரணம் காட்டிக் கோரிக்கையையே நிராகரித்துவிடும் பத்திரங்களும் உண்டு.

கிளட்சைப் பற்றிச் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஏனெனில் தகராறு மிகுதியாக முளைக்கும் இடம் அதுவே. நாற்பதாயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் வழுக்குகிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுபோகிறார். சர்வீஸ் அட்வைசர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஜாப் கார்டில் ‘கிளட்ச் தேய்மானம்’ என்று எழுதுகிறார். அந்த இரண்டு சொற்களோடு வாரண்டியின் கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஆனால் பிளேட் தேய்ந்ததற்கு மூலகாரணம், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்ததாகவோ, எண்ணெய்க் கசிவாகவோ இருக்கக்கூடும். அவை தேய்மானப் பட்டியலில் இல்லாதவையாக இருக்கலாம். ஆதலால் ஜாப் கார்டில் கையெழுத்திடும் முன், நாம் சொன்ன புகாரை நாம் சொன்னபடியே எழுதச் செய்வதும், காரணத்தை அவிழ்த்துப் பார்த்த பிறகு எழுதும்படி கேட்பதும், கழற்றிய பழைய பாகத்தைக் கண்ணால் பார்ப்பதும் நம்முடைய ஜாக்கிரதையில் சேர்ந்தவை. 2006இல் சுப்ரீம் கோர்ட்டு வரை போன ஒரு கார் வியாஜ்யமும் கிளட்சைப் பற்றியதுதான். வாரண்டியின்படி கம்பெனியின் கடமை பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதானே ஒழிய, அதற்காக முழு வண்டியையும் மாற்றித் தருவதன்று என்று அங்கே தீர்ப்பாயிற்று. வாரண்டி இருந்தால் புது வண்டியே கிடைக்கும் என்று நம்பியிருப்பவர்கள் இதை அறிந்துகொள்வது உத்தமம்.

இன்னொரு குழப்பம், வாரண்டியையும் இன்சூரன்ஸையும் ஒன்றாகக் கருதுவது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிகளில், உரிமையாளர் பதற்றத்தில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்ததால் சிலிண்டருக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துபோன வண்டிகளுக்கு வாரண்டி ஒரு காசும் கொடுக்காது. சாதாரண இன்சூரன்ஸும் பெரும்பாலும் கொடுக்காது. ‘இன்ஜின் ப்ரொடெக்ட்’ என்ற உபரிப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்தவர்களுக்கே கிடைக்கும். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ குடியிருப்பவர் தம் கையிலுள்ள சில ஆயிரங்களை இரண்டில் ஒன்றுக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால், நீட்டித்த வாரண்டியை விட்டு அந்த உபரிப் பாதுகாப்பையே முதலில் எடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இனி, கொடுக்கும் பணத்துக்குத் தக்க பலன் உண்டா என்பதைப் பார்ப்போம். இயந்திரங்களின் ஆயுளை ஆராய்கிறவர்கள் வரையும் கோடு ஒன்று உண்டு. குளியல் தொட்டியை நெடுக்கில் வெட்டினால் தெரியும் உருவம் போல, ஆரம்பத்தில் உயர்ந்து, நடுவில் நெடுந்தூரம் தாழ்ந்து படுத்து, கடைசியில் மறுபடி ஏறும். தொழிற்சாலையிலேயே நேர்ந்த கோளாறுகள் முதல் மாதங்களிலும் முதல் இரண்டு வருஷங்களிலும் வெளிப்பட்டுவிடும். அவற்றை இலவச வாரண்டியே பார்த்துக்கொள்ளும். ஏழு, எட்டு, பத்தாவது வருஷங்களில் ரப்பர் வெடித்து, சீல் கசிந்து, மின் இணைப்புகள் துருவேறிப் பழுதுகள் வரிசையாக வரும். அப்போது நீட்டித்த வாரண்டி முடிந்திருக்கும். நாம் பணம் கொடுத்து வாங்குவது அந்த இரண்டுக்கும் இடையில் தாழ்ந்து கிடக்கும் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது வருஷங்களைத்தான். கம்பெனிகளுக்கு இது தெரியாத சங்கதி அன்று. எந்த மாடலில், எந்த உறுப்பு, எத்தனையாவது கிலோமீட்டரில் எத்தனை பேருக்குப் பழுதாகிறது என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. விலையை நிர்ணயிப்பவரும் அந்தக் கணக்கை வைத்திருப்பவரும் ஒருவரே என்னும்போது, சராசரியில் லாபம் யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உத்தேசமாக ஒரு கணக்குப் போடலாம். இரண்டு வருஷ நீட்டிப்புக்கு 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாகச் சுமார் 3,660 ரூபாய் சர்க்காருக்குப் போகிறது. மீதியில் டீலரின் கமிஷனும் நிர்வாகச் செலவும் கம்பெனியின் லாபமும் போக எஞ்சுவதே பழுதுபார்க்கும் நிதி. இதற்கு எதிராக நாம் பயப்படும் பழுதின் செலவு 80,000 ரூபாய் என்று கொண்டால், அத்தகைய வண்டிகள் பத்தில் மூன்றுக்கு அந்த இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பழுது வந்தால்தான் கொடுத்த பணத்துக்கும் பெற்ற பலனுக்கும் சரியாக இருக்கும். சாதாரண பெட்ரோல் இன்ஜினும் கையால் மாற்றும் கியரும் உள்ள சிறு காரில், ஒழுங்காக ஆயில் மாற்றி வந்தால், பத்தில் மூன்று என்பது நம்பக்கூடிய விகிதம் அன்று. அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2013இல் தன் சந்தாதாரர்களைக் கேட்டபோது, இத்தகைய ஒப்பந்தம் வாங்கியவர்களில் 55 சதவீதத்தினர் அதை ஒரு தடவைகூடப் பழுதுக்கு உபயோகிக்கவில்லை என்று தெரிய வந்தது. அந்த நாட்டுச் சாலை வேறு, கூலி வேறு என்பது வாஸ்தவமே; ஆனாலும் வியாபாரத்தின் தர்மம் இரு நாட்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் சராசரிக் கணக்கு எல்லாருக்கும் பொருந்திவிடாது. சில வண்டிகளில், விலை மிக்க ஓர் உறுப்பே பலவீனமான உறுப்பாகவும் அமைந்துவிடுகிறது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இதற்கு உலகறிந்த உதாரணம். சீனாவில் புகார்கள் மலிந்து, அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி 2013 மார்ச்சில் அதை அம்பலப்படுத்தியதும், கம்பெனி 3,84,181 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அதற்கு முன்பே அந்தக் கியர்பாக்ஸுக்கு மட்டும் அங்கே 10 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று வாரண்டியைத் தானாகவே நீட்டியுமிருந்தது. இம்மாதிரி நுட்பமான கியர்பாக்ஸோ, டர்போ டீசல் இன்ஜினோ, கேமராவையும் ரேடாரையும் நம்பி ஓடும் பாதுகாப்புச் சாதனங்களோ உள்ள வண்டியில் ஒரு பெட்டியை மாற்ற லட்சத்தைத் தாண்டிச் செலவாவது சகஜம். அத்தகைய வண்டிக்கு நீட்டித்த வாரண்டி வாங்குவதை நான் ஆக்ஷேபிக்க மாட்டேன்.

பணத்தின் பாரம் ஆளுக்கு ஆள் வேறு என்பதும் உண்மை. எண்பதாயிரம் ரூபாய்ப் பில் வந்தால் வங்கியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துபோகக்கூடியவருக்கு இந்த ஒப்பந்தம் அனாவசியம். அதே பில் வந்தால் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர், சராசரியில் நஷ்டம் என்று தெரிந்தும் வாங்கினால் அதில் பேதைமை இல்லை. அவர் வாங்குவது லாபத்தை அன்று, நிச்சயத்தை.

‘ஆண்டு அல்லது கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை’ என்ற சிறிய வாசகத்தைப் பலரும் கவனிப்பதில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு திருநெல்வேலி, தேனி, ராமநாதபுரம் என்று சுற்றும் ஒரு மெடிக்கல் ரெப் வருஷத்துக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 3 ஆண்டு, 1,00,000 கிலோமீட்டர் இலவச வாரண்டி இரண்டரை வருஷத்திலேயே தீர்ந்துவிடும். 5 ஆண்டு, 1,40,000 கிலோமீட்டர் என்று அவர் பணம் கொடுத்து நீட்டினால், மூன்றரை வருஷத்தில் அதுவும் முடிந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு விலை கொடுத்து அவர் பெற்றது ஒரு வருஷம். கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவர், ஐந்து வருஷ முடிவில் 25,000 கிலோமீட்டரைக் கூடத் தாண்டியிருக்க மாட்டார். அவர் வண்டியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் இன்னும் பிள்ளைப் பருவத்தில் இருக்கும். இருவருக்கும் ஒரே விலையில் ஒரே பத்திரம் விற்கப்படுகிறது. காலத்தையும் தூரத்தையும் ஏறக்குறைய ஒருசேரத் தீர்க்கிறவருக்கே அது முழுப் பலன் தரும். மூன்று அல்லது நான்கு வருஷத்தில் விற்றுவிட எண்ணுகிறவர், வாரண்டி அடுத்த உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாறுமானால் விற்கும்போது நாலு காசு கூடக் கிடைக்கும், மாறாதென்றால் கட்டிய பணம் போனதுதான்.

கடனில் கார் வாங்குவோர் வேறொன்றையும் யோசிக்க வேண்டும். வாரண்டித் தொகையையும் காரின் விலையோடு சேர்த்து லோனில் ஏற்றிவிட்டால், 30,000 ரூபாய் வாரண்டிக்கு 9 சதவீத வட்டியில் 7 வருஷத் தவணையில் மொத்தம் சுமார் 40,500 ரூபாய் கட்டுகிறோம். ஐந்தாம் வருஷத்தோடு வாரண்டி முடிந்துவிடும். ஆறாம் வருஷமும் ஏழாம் வருஷமும், முடிந்துபோன வாரண்டிக்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

இதை விற்பவர் யார் என்பதும் முக்கியம். கார் கம்பெனியே தன் பெயரில் தருவது ஒரு வகை. டீலரோ, பழைய கார் விற்பவரோ, வேறொரு வாரண்டி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து தருவது மற்றொரு வகை. முதல் வகையில் நாட்டின் எந்த ஊரிலுள்ள அங்கீகார சர்வீஸ் நிலையத்திலும் வேலை நடக்கும். இரண்டாவது வகையில் பழுதுக்கு அனுமதி வாங்குவதற்கே நாட்கள் கழியலாம், ஒவ்வொரு உறுப்புக்கும் தொகை உச்சவரம்பு இருக்கலாம், அந்த நிறுவனமே இல்லாமல் போகவும் கூடும். புதுக் காருக்கு இரண்டாவது வகையை வாங்குவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போய்விடும் என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று, உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது என்றும், வெளி வேலையால் கேடு விளைந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் கூறியது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. அந்த உத்தரவின் நியாயம் தெளிவானதே. ஆயினும் நடைமுறையில், சர்வீஸ் ரசீதுகள் அனைத்தும் அங்கீகார நிலையத்தினுடையவையாக இருப்பவருக்குத்தான் கோரிக்கை சுலபமாகத் தேறுகிறது. எனவே வாரண்டியின் விலையில், அந்த வருஷங்களில் அங்கீகார நிலையத்துக்கே போயாக வேண்டிய நிர்ப்பந்தத்தின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நியாயமான கோரிக்கையை மறுத்தால் வழி இல்லாமல் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். பலன் இல்லையென்றால், 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் எந்த ஊரில் வாங்கியதாயிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, காரணம் எழுந்த இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். மறுப்பை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் வாங்கி வைத்திருப்பது அங்கே பெரிய சாட்சி.

டெலிவரி நாளன்றே முடிவு செய்தாக வேண்டும் என்பதில்லை. பல கம்பெனிகளில் இலவச வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிப்பு வாங்கலாம்; தாமதித்தால் விலை சற்று ஏறும், அவ்வளவே. அந்த உபரித் தொகையைக் கொடுத்தாவது, வண்டியுடன் இரண்டு வருஷம் பழகி, அடிக்கடி சர்வீஸ் நிலையத்துக்கு இழுக்கும் வண்டியா, சொன்னபடி ஓடும் வண்டியா என்று அறிந்தபின் வாங்குவது புத்திசாலித்தனம். கைகியர் பெட்ரோல் சிறு காரை மிதமாக ஓட்டுகிறவர் இதை விட்டுவிட்டு அந்தத் தொகையைத் தபாலாபீஸில் போட்டு வைக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் டர்போவும் உள்ள வண்டியை ஐந்தாறு வருஷம் வைத்திருக்க நினைப்பவர், கம்பெனியின் சொந்த வாரண்டியை, கையிலுள்ள பணத்தில், கடன் சேர்க்காமல் வாங்கிக்கொள்ளலாம். எவரானாலும், விளம்பரத் தாளை அன்று, நிபந்தனைகள் அடங்கிய முழுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். பணம் கட்டினால்தான் புத்தகம் வரும் என்று சொன்னால், அந்த வரியைப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.